பாய்மரப் படகுக்காக அரை வேலி நிலத்தை விற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 64. ஊர் நாகப்பட்டினம். சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்து 6 வருடத்துக்கு முன்பு ஓய்வு பெற்றேன்; பென்ஷன் கிடையாது. சிகாகோவில் இருக்கும் என் மகனுக்குத் தெரிந்தவர் 32 அடி பாய்மரப் படகு ஒன்றை 18,000 டாலருக்குத் தருகிறார். வரும் கோடையில் மிச்சிகன் ஏரியில் கிளம்பி, ஹூரான், ஈரி என்று ஏரி ஏரியாக இறங்கி, நியூயார்க்கில் கடலைத் தொட இருவருக்கும் ஆசை. அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்பில் 30 லட்சம் இருக்கிறது (போட்டு 2 வருடம் தாண்டிவிட்டது). வங்கி டெபாசிட் 12 லட்சம். கீழ்வேளூர் பக்கம் அரை வேலி (மூன்று ஏக்கருக்குச் சற்று மேல்) நஞ்சை குத்தகையில் ஓடுகிறது. எதை எடுப்பது?

பதில்: எதைத் தொடக்கூடாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஐயா. அந்த 30 லட்சம்தான் உங்கள் பென்ஷன். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வருகிறது. அதிலிருந்து கொஞ்சம் மட்டும் எடுக்க வழியில்லை. மூடினால் மொத்தமாக மூட வேண்டும், 1 சதவீதம், அதாவது 30,000 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். நிலமும் வேண்டாம். அரை வேலியை விற்றுவிட்டுத் திரும்ப வாங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் படகு 16.2 லட்சம். செலவு அதோடு நிற்காது. ஈரி ஏரிக்கரையில் உள்ள பஃபலோவிலிருந்து, நியூயார்க்கில் கடலில் சேரும் ஹட்சன் நதிக்குப் போகும் ஈரி கால்வாயின் மேற்குப் பகுதியில் பாலங்கள் தண்ணீருக்கு மேல் பதினைந்தரை அடிதான். 32 அடிப் படகின் பாய்மரம் அதைப் போல மூன்று மடங்கு உயரம் இருக்கும். வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டர் ரயில்வே சப்வேயில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். கிரேன் வைத்து மரத்தைக் கழற்றி, மேல்தளத்தில் கட்டைக்கால் அடித்துப் படுக்கவைத்து, கால்வாய் முழுக்க மோட்டாரிலேயே ஓட்டி, ஹட்சனில் மறுபடி நிமிர்த்த வேண்டும். கிரேனுக்கு இரண்டு முறை கூலி. வெல்லண்ட் கால்வாய், ஒன்டாரியோ ஏரி, செயின்ட் லாரன்ஸ் வழியாகப் போனால் மரத்தைக் கழற்ற வேண்டாம். ஆனால் படகை ஏற்றி இறக்கும் மதகு அறைகள் (லாக்) 15, கனடா விசா, அப்புறம் நோவா ஸ்கோஷியாவைச் சுற்றிக்கொண்டு நியூயார்க் வரை நீண்ட கடல் பயணம். பணத்துக்கும் நாளுக்கும் கட்டுப்படியாகாது.

தேதி தவறினாலும் காசுதான். ஈரி கால்வாய் மே நடுவில் திறந்து அக்டோபர் நடுவில் மூடுகிறது. அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. மேட்டூர் திறப்பு தள்ளிப்போனால் குறுவை படும் பாடுதான் இதற்கும். தாமதமானால் படகைக் கரையேற்றி, பனிக்காலம் முழுக்க வாடகை கொடுத்து வைக்க வேண்டியிருக்கும். பழைய படகு என்பதால் இன்சூரன்ஸ் கம்பெனி, படகைச் சோதித்துத் தரும் சர்வே ரிப்போர்ட் கேட்கலாம். ஏரிக்குள் மட்டும் என்று எழுதிய பாலிசி கடலுக்குப் பயன்படாது. போகும் வழி முழுவதையும் பாலிசியில் எழுதி வாங்குங்கள்.

சரி, என்ன செய்யலாம்? படகை மகன் அவர் பணத்தில், அவர் பெயரில் வாங்கட்டும். உங்கள் பெயரில் இருந்தால் ஒவ்வொரு வருடமும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டி வரலாம். நீங்கள் வங்கி டெபாசிட்டிலிருந்து 7 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: 5 லட்சம் மகனுக்கு அன்பளிப்பாக, மீதி டிக்கெட், விசா, பயண மருத்துவ இன்சூரன்ஸுக்கு. பாய்மரப் படகில் போவதற்கும் அந்த இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். சில பாலிசிகள் சாகச விளையாட்டு என்று ஒதுக்கிவிடும். இன்னொன்று, இப்படி அனுப்பும் பணம் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வங்கி பிடித்துக்கொள்ளும் வரி. படகின் முழு விலையையும் நீங்களே அனுப்பினால் 1.24 லட்சம் அதில் மாட்டிக்கொள்ளும். கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை கையில் இருக்காது.

மகனுக்கு லீவு கிடைக்காவிட்டால் மிச்சிகன், ஹூரானை விட்டுவிட்டு பஃபலோவிலிருந்து நியூயார்க் வரை மட்டும் போங்கள். அப்போது சிகாகோ படகு வேண்டாம், ஈரி ஏரிக்கரையிலேயே தேடச் சொல்லுங்கள்.

வாங்கும் முன் சர்வே ரிப்போர்ட்டில் இன்ஜின் பக்கத்தை நீங்களே படித்துவிடுங்கள். நன்னீர்ப் படகில் மக்னீசியம் அனோடு (மற்ற உலோகப் பாகங்கள் அரிக்காமல் இருக்கத் தான் கரையும் துண்டு) இருந்தால், உப்புத் தண்ணீரில் இறங்கும் முன் ஜிங்க் மாட்ட வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகனிடம் சொல்லிவையுங்கள், அந்தச் செலவு அவருடையது.