கொத்தி விரட்டும் தாய்க்கோழி: வாசகர் கேள்வி பதில்

வாசகி, வத்தளை: எங்கள் ஊர்க்கோழி 9 குஞ்சு பொரித்தது. குஞ்சுகளுக்கு இப்போது 6 கிழமை. போன கிழமை வரை செட்டைக்குள் வைத்துப் படுத்த கோழி, இப்போது தீன் போட்டால் தலையிலேயே கொத்தி விரட்டுகிறது. இரவில் தான் மட்டும் தடியில் ஏறிப் படுக்கிறது. குஞ்சுகள் கீழே நின்று கத்துகின்றன. கோழிக்கு ஏதும் வருத்தமா? "கோழி மிதித்துக் குஞ்சு சாகாது" என்கிறார் மாமி. எனக்குப் பயமாக இருக்கிறது.

வருத்தம் ஒன்றுமில்லை, குஞ்சைப் பிரிக்கும் காலம் வந்துவிட்டது. ஊர்க்கோழி பெரும்பாலும் 5 முதல் 8 கிழமைக்குள் பிரித்துவிடும். சில அதற்கு முன்னரே விடும். சில 10, 12 கிழமை வரை கூட்டிக்கொண்டு திரியும். அடை கிடக்கவும் குஞ்சு பேணவும் கோழியைத் தூண்டுவது புரோலக்டின் என்ற ஹோர்மோன். குஞ்சுகள் வளர வளர அது குறையும், சூலகம் மறுபடி வேலைசெய்யத் தொடங்கும். உங்கள் கோழியின் கொண்டையைப் பாருங்கள். அடை கிடந்தபோது வெளிறிச் சுருங்கியிருந்தது இப்போது சிவந்து தடித்திருந்தால், விரைவில் முட்டை இடப்போகிறது என்று அர்த்தம்.

கொத்துவதைப் பற்றி மாமி சொல்வது பெரும்பாலும் சரி. தீன் தட்டடியில் தலையில் ஒரு கொத்து, குஞ்சு கத்திக்கொண்டு விலகுகிறது, கோழி பின்னால் போகவில்லை என்றால் விட்டுவிடலாம். தீனையும் தண்ணீரையும் இரண்டு இடத்தில், ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி வையுங்கள். பாதிச் சண்டை அதிலேயே நின்றுவிடும். ஆனால் மூலையில் மடக்கித் திரும்பத் திரும்பக் கொத்தினாலோ, தோல் கிழிந்து இரத்தம் தெரிந்தாலோ அன்றே கோழியை வேறாக்க வேண்டும். இரத்தத்தைக் கண்டால் கூடப் பொரித்த குஞ்சுகளே அந்த இடத்தில் கொத்தத் தொடங்கும். காயப்பட்டதை உப்புத் தண்ணீரால் கழுவி, பொவிடோன் அயடீன் பூசி, புண் காயும்வரை தனியே வையுங்கள்.

வேறாக்கும்போது இடம் மாற வேண்டியது கோழிதான். குஞ்சுகள் பழகிய கூட்டிலேயே இருக்கட்டும். தாயும் இல்லை, இடமும் புதிது என்றால் அவை இரண்டு மூன்று நாள் சரியாகத் தின்னாது.

கொத்தை விட முதல் நாலைந்து இரவுகளுக்குத்தான் பயப்பட வேண்டும். பொழுதுபட்டதும் குஞ்சுகள் தாயைத் தேடி ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அடியில் அகப்பட்டது மூச்சுமுட்டிச் சாகும். விடியற்காலையில் காயமே இல்லாமல் ஒரு குஞ்சு தட்டையாகக் கிடந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கூட்டின் நாலு மூலையையும் கார்ட்போர்ட் மட்டையை வளைத்து வைத்து வட்டமாக்குங்கள். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 3 முதல் 4 செ.மீ. அகலமான, விளிம்பு மழுக்கிய மரச்சட்டம் ஒன்றைப் போட்டு, இருட்டிய பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி அதில் இருத்துங்கள். சில நாளில் தாமாகவே ஏறப் பழகிவிடும்.

கம்பி வலையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் ஒரு அங்குல அறுகோண வலைக்குள்ளால் எலி நுழையும். இதுவரை தாய் பக்கத்தில் இருந்தது, எலி கிட்ட வரவில்லை, இனி வரும். கீழ்ப்பக்கம் ஒன்றரை அடி உயரத்துக்கு அரை அங்குலச் சதுர வலை அடியுங்கள். மரநாயும் கீரியும் உலாவும் வளவென்றால் முழுக்கூட்டுக்கும் அதுதான்.

வாசகர், வெள்ளவத்தை: மொட்டைமாடியில் வளர்க்கிறோம். 3 கிழமைக் குஞ்சுகளை விட்டுவிட்டுக் கோழி தனியே திரிகிறது. பல்பு போட வேண்டுமா?

இரவில் போடுங்கள். குஞ்சுக்கு முதல் கிழமை 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு கிழமைக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். அந்தக் கணக்கில் 3ஆம் கிழமைக்கு 29, 4ஆம் கிழமைக்கு 26. கொழும்பின் இரவு 24, 25 பாகையளவில் இருப்பதால் உங்களுக்குத் தேவைப்படுவது சிறிய சூடுதான். ஐந்தாறு குஞ்சுள்ள பெட்டிக்கு, ஒரு பக்கத்தில் மட்டும் 40 வொட் இழை பல்பு ஒன்று, குஞ்சின் முதுகிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். எல்.ஈ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. குஞ்சுகள் பல்படியில் நெருங்கிக் கத்தினால் சூடு போதாது; தூர விலகி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் கூடிவிட்டது.

எப்போது நிறுத்துவது என்பதற்கு நாட்காட்டியை விட இறகை நம்புங்கள். முதுகு இறகை விலக்கிப் பாருங்கள். அடியில் வெறும் பூம்பஞ்சு தெரிந்தால் இன்னும் சூடு வேண்டும். முதுகும் கழுத்தும் மூடிவிட்டால் பல்பைக் கழற்றலாம். நம் காலநிலையில் அது பெரும்பாலும் 5ஆம் கிழமை. மாடியில் பகல் வெயில்தான் இரவை விடக் கெட்டது. சீமெந்துத் தரை கொதிக்கும். நிழலும் ஆறின தண்ணீரும் இல்லாவிட்டால் ஒரே மத்தியானத்தில் எல்லாம் போய்விடும்.

வாசகி, மட்டக்குளி: கோழி முட்டையிடத் தொடங்கிவிட்டது. அதற்குப் போடும் லேயர் தீனையே 7 கிழமைக் குஞ்சுகளும் தின்கின்றன. பரவாயில்லையா?

கூடாது. லேயர் தீனில் கல்சியம் 3.5 முதல் 4 சதவீதம். குஞ்சுக்கு வேண்டியது 1 சதவீதமளவுதான். மிஞ்சிய கல்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சு மெலிந்து, வெள்ளையாய்க் கழிந்து சாகும். பலரும் அதைத் தொற்றுநோய் என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சுலபமான வழி, இரண்டுக்கும் ஸ்டார்ட்டரோ (சிறு குஞ்சுத் தீன்) குரோவரோ (வளரும் குஞ்சுத் தீன்) போட்டு, கோழிக்கு மட்டும் உடைத்த சிப்பி ஓட்டைத் தனிக் கிண்ணத்தில் வைப்பது. முட்டையிடாத குஞ்சு அதை அதிகம் தொடாது. 8 கிழமை வரை ஸ்டார்ட்டர், அதன்பின் குரோவர். கோழி குஞ்சுத் தீனை விடாமல் பறித்தால், 6 செ.மீ. இடைவெளி விட்டுச் சட்டம் அடித்த பெட்டிக்குள் தட்டை வையுங்கள். குஞ்சு நுழையும், கோழி நுழையாது. குஞ்சு பருக்கப் பருக்க இடைவெளியை அகட்டுங்கள். மிஞ்சின சோறும் தேங்காய்ப்பூவும் ஒரு பிடியோடு நிற்கட்டும். இறகு முளைக்கும் வயதில் புரதம் குறைந்தால் ஒன்றையொன்று இறகு பிடுங்கும்.

வாசகர், தெஹிவளை: கோழி பிரிந்து ஒரு கிழமை. மழையும் விடவில்லை. இரண்டு குஞ்சு செட்டையைத் தொங்கப்போட்டு நிற்கிறது, எச்சத்தில் இரத்தம்.

கொக்சிடியோசிஸ் என்ற குடல் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். 3 முதல் 8 கிழமைக் குஞ்சுகளைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். பிரிவின் அலைச்சலும் ஈரத் தரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இன்றே எச்சத்தை எடுத்துக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் போங்கள். வழக்கமாக அம்புரோலியம் என்ற மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து சில நாள் கொடுப்பார்கள். அளவை அவரே சொல்லட்டும். தின்னாத குஞ்சும் தண்ணீர் குடிக்கும் என்பதால்தான் மருந்தைத் தண்ணீரில் கலப்பது. வேறு தண்ணீர் எதுவும் வைக்காதீர்கள். நனைந்த மரத்தூளை முழுவதும் வாரி எறிந்து, 5 செ.மீ. தடிப்பில் புதிதாகப் போடுங்கள். கையில் அள்ளிப் பிசைந்தால் உருண்டையாக நிற்கும் மரத்தூள் ஈரம் கூடியது. தண்ணீர்த் தட்டைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கினாலே தரை பாதி காய்ந்துவிடும்.

வாசகி, கொட்டாஞ்சேனை: முட்டைக்காக ஒரு மாதத்திலேயே நாங்களாகப் பிரிக்கலாமா? பிறகு சேர்த்துவிட்டால் தாய் ஏற்குமா?

பிரிக்கலாம், கோழி முந்தியே முட்டையிடும். சூடு, தீன், காவல் மூன்றும் உங்கள் பொறுப்பாகும். இறகு மூடாத குஞ்சென்றால் வேண்டாம். குஞ்சுகளுக்குக் கோழி அம்மைத் தடுப்பூசி போட இருக்கிறீர்கள் என்றால் அதே கிழமையில் பிரிக்காதீர்கள். திரும்பச் சேர்க்கும்போது கோழி தாயாக நடக்காது, புதிதாக வந்தவைபோல் கொத்தும். ஒரு கிழமை வலைக்கு இரு பக்கமும் பார்த்தபடி விட்டுவிட்டு, பின்னேரத்தில், இரண்டு தீன் தட்டோடு சேருங்கள்.