பட்டறைப் பதில்கள்: ஊற்றின தண்ணீர் எங்கே போச்சு?

(சேலத்தில் 31 வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வண்டி சூடாவதைப் பற்றித்தான். வெயில் அப்படி.)

கேள்வி: பதினோரு வருஷ டீசல் கார். சென்னை நெடுஞ்சாலையில் எவ்வளவு விரட்டினாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாது. ஏற்காடு ஏறினால் எட்டாவது வளைவுக்குள் சிவப்புக்குப் போய்விடுகிறது. தெரிந்த மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் வால்வு) கழற்றிப் போட்டார். வாரம் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ரேடியேட்டரை மாற்றிவிடலாமா? – வாசகர், ராசிபுரம்

பதில்: அவசரப்படாதீர்கள். நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். ஃபேன் செத்துக் கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. மலை வளைவில் செகண்ட் கியரில் ஊர்கிறீர்கள். என்ஜினுக்கு உழைப்பு அதிகம், காற்றோ இல்லை. அங்கே ஃபேன்தான் கதி. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தால் நெடுஞ்சாலை வேகத்திலும் முள் ஏறியிருக்கும்.

ஆகவே முதலில் ஃபேன். வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஏசி போடுங்கள். பானட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, கனெக்டர் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் மோட்டார். ரிலே கருகியிருந்ததைப் பார்க்காமல் மோட்டாரையே மாற்றி வந்த வண்டிகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. சாதாரண ரப்பர் மூடிதானே என்று எல்லோரும் அலட்சியமாக விடுவது இதைத்தான். அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும், பார் கணக்கில். உள்ளே அந்த அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது என்று அர்த்தம். அழுத்தம் இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118, 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். என்ஜின் சாதாரணமாக ஓடும் சூடே கிட்டத்தட்ட 90. மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கழித்துப் பாருங்கள். சமவெளியில் சமாளிக்கும் வண்டி மலையில் பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் அந்த மெக்கானிக்கை நான் திட்ட முடியாது. தொழில் கற்ற காலத்தில் நானும் எத்தனையோ கழற்றி எறிந்திருக்கிறேன். தண்ணீர் தடையில்லாமல் ஓடினால் நல்லதுதானே என்று நினைப்பு. ஆனால் பல என்ஜின்களில் அது இரண்டு வேலை செய்கிறது. 82, 88 டிகிரி வாக்கில் ரேடியேட்டர் பக்கம் திறக்கும். அதே நேரம் ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் குறுக்கு வழியை மூடும். அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே என்ஜினுக்குத் திரும்பிவிடும். காலையில் என்ஜின் சூடேறவே மாட்டேன் என்னும், மைலேஜ் குறையும், மலையில் கொதிக்கும். புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள்.

இனி அந்த ஒரு லிட்டர். இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கூலிங் சிஸ்டம் மூடிய பாத்திரம் மாதிரி. வாரம் ஒரு லிட்டர் அதுவாகக் காய்ந்து போகாது. எங்கேயோ போகிறது. காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ் கிளிப் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த தடம், வாட்டர் பம்ப் அடியில் உள்ள சின்னத் துளையிலிருந்து ஒழுகின கறை, ரேடியேட்டரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் இடத்தில் ஈரம். முன்சீட்டுக் கால்மிதி நனைந்து தித்திப்பாக வாடை வந்தால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் ஒழுகுகிறது. எங்கேயும் இல்லை என்றால் ஹெட் கேஸ்கட் (என்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) மேல் சந்தேகப்பட வேண்டும். ஆயில் மூடியின் உள்ளே பால் காபி நிறத்தில் பிசுபிசுப்பு, சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ரிசர்வ் டேங்கில் ஓயாமல் குமிழி. இதில் ஒன்று இருந்தாலும் மலைப்பக்கம் போகாமல் பட்டறைக்குப் போங்கள். கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றிப் பத்து நிமிஷம் பார்த்தால் ஒழுக்கு பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

கேள்வி: ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் பனி பெய்யும் நாட்டுக்காரனுக்கு. நமக்கு போர் தண்ணீர் போதாதா? – வாசகர், ஆத்தூர்

பதில்: உங்கள் வீட்டில் வெந்நீர் போடும் குண்டானுக்குள் விரலை விட்டுச் சுரண்டிப் பாருங்கள். அந்த வெள்ளை உப்புதான் என்ஜினுக்குள்ளும் படியும். ரேடியேட்டர் குழாயின் உள்வழி ரொம்பக் குறுகல், அடைக்க ரொம்ப நாள் ஆகாது. உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலைதான். அது கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்தும். அதைவிட முக்கியம், அலுமினியம் அரித்துப்போகாமல் காப்பது. நமக்கு வேண்டியது அந்தக் காப்புதான்.

கலக்கும்போது பாதிக்குப் பாதி, டிஸ்டில்டு வாட்டரோடு. கடையில் கலந்தே விற்பதும் உண்டு, டப்பாவைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். நிறையப் போட்டால் நல்லது என்று தண்ணீரே சேர்க்காமல் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டி. முழுக்கக் கூலன்ட்டாக இருந்தால் வண்டி இன்னும் சூடாகும். பச்சை, சிவப்பு என்ற நிறத்தை நம்பிக் கலக்காதீர்கள், நிறத்துக்குப் பொது விதி எதுவும் கிடையாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்ன வகைதான். வழியில் அவசரமென்றால் எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம், ஊர் வந்ததும் மறக்காமல் இறக்கிவிட வேண்டும். இறக்கியதைத் தெருவில் விடாதீர்கள். தித்திப்பாக இருப்பதால் நாய் நக்கும், அது விஷம்.

கேள்வி: ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடலாமா? லாரிக்காரர்கள் போடுகிறார்களே? – வாசகர், சங்ககிரி

பதில்: ஊர் வந்து சேர வேறு வழியே இல்லை என்றால் போடலாம். அடைக்கிற தூளுக்கு ஓட்டை எது, நல்ல குழாய் எது என்று தெரியாது. பின்னால் கழுவி எடுக்கும் கூலி உங்களுடையது.

கேள்வி: தொப்பூர் கணவாயில் ஏறும்போது பானட்டிலிருந்து ஆவி வந்தது. குழந்தையும் கூட இருந்தாள். என் தம்பி உடனே மூடியைத் திறக்கப் போனான், பக்கத்து டீக்கடைக்காரர்தான் தடுத்தார். என்ன செய்திருக்க வேண்டும்? – வாசகி, தருமபுரி

பதில்: அந்த டீக்கடைக்காரருக்கு என் சார்பிலும் ஒரு நன்றி சொல்லுங்கள் அம்மா. என் இடது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. பத்தொன்பது வயதில் ஓர் அம்பாசடரின் மூடியைத் துணி போட்டுத் திறந்தேன். அழுத்தம் விட்டதும் உள்ளே இருந்தது அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து மேலே வந்தது. துணியெல்லாம் ஒரு பாதுகாப்பே இல்லை.

முள் மட்டும் ஏறுகிறது, ஆவி இல்லை என்றால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றையும் முழு வேகத்தில் விடுங்கள். வேர்த்து ஊற்றும், கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அப்படியே ஓரம் கட்ட இடம் பாருங்கள். ஆவி வந்துவிட்டாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும், குழந்தையோடு எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். முக்கால் மணி நேரம் தொடாதீர்கள். என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விடலாம்.

இன்னொன்று. ஏறியிருந்த முள் திடீரென்று கீழே இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் மொத்தமும் தீர்ந்து, சென்சார் வெறும் காற்றில் நின்றாலும் முள் இறங்கும்.

கேள்வி: எங்கள் பக்கம் ரோட்டிலேயே கொள்ளும் சோளமும் காயப்போடுவார்கள். அதன் மேல் ஓட்டியே ஆகவேண்டும். பொங்கலுக்குப் பிறகு ஏசியும் சரியில்லை, வண்டியும் சூடாகிறது. சம்பந்தம் உண்டா? – வாசகர், காரிமங்கலம்

பதில்: உண்டு. முன்னால் நிற்பது ஏசி கண்டென்சர் (ஏசியின் சூட்டை வெளியே விடும் பகுதி), அதன் பின்னால் ரேடியேட்டர். இரண்டுக்கும் நடுவே உமியும் சருகும் போர்வை மாதிரி அடைந்திருக்கும், முன்பக்கம் பார்த்தால் தெரியாது. கண்டென்சர் போல்ட்டைத் தளர்த்தி இடைவெளி உண்டாக்கி, ஃபேன் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தோட்டத்துக் குழாய்த் தண்ணீர் விடச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸில் அடிக்கும் வேகத்தில் அடித்தால் ஃபின் என்கிற மெல்லிய தகடெல்லாம் மடங்கிவிடும். வண்டி அங்கே நிற்கும்போதே அடியிலும் ஒரு தடவை பார்த்து, ஆக்சிலிலும் சைலன்சரிலும் சுற்றியிருக்கும் கொள்ளுக்கொடியை அறுத்து எடுத்துவிடுங்கள். சைலன்சர் சூட்டில் அது தீப்பிடிக்கும்.