உலகச் சுகாதாரச் சமத்துவத்தில் கோடை ஆய்வு இன்டர்ன்ஷிப்: கேள்வி பதில்

பொதுச் சுகாதார ஆய்வுக் குழு ஒன்றில் வேலை பார்க்கிறேன். கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு வரும் விண்ணப்பங்களைப் படிப்பதும், தேர்வாகும் முதுகலை மாணவர்களுக்கு வழிகாட்டுவதும் என் பொறுப்பு. கேள்வி கேட்கலாம் என்று சொன்னதும் நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, பல் மருத்துவம் முடித்துவிட்டு எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) முதல் வருடம் படிக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கிடைக்க எம்.பி.பி.எஸ். இருந்தே ஆக வேண்டுமா? உள்ளே ஆள் இருந்தால்தான் நடக்கும் என்கிறார்களே? (சென்னை)

எம்.பி.பி.எஸ். தேவையில்லை. 20 வயது ஆகியிருக்க வேண்டும், மூன்று வருட முழுநேரப் படிப்பை முடித்திருக்க வேண்டும், இப்போது ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் இருக்க வேண்டும். படிப்பு முடிந்திருந்தால், முடிந்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். காலம் 6 முதல் 24 வாரம். பொதுச் சுகாதாரம், மருத்துவம், சமூக அறிவியல், நிர்வாகம் என்று பல துறைக்காரர்களையும் எடுக்கிறார்கள்.

உள்ளே ஆள் இருப்பது விஷயத்தில் நிலைமை நேர் எதிர். அங்கே வேலை பார்ப்பவரின் பிள்ளையோ உடன்பிறந்தவரோ என்றால் தகுதியே கிடையாது. ஒரு முறை இன்டர்னாக இருந்தவரும் மறுபடி வர முடியாது. எல்லோரும் தலைமையகம் இருக்கும் ஜெனிவாவையே குறிவைக்கிறார்கள். தென்கிழக்கு ஆசியப் பிராந்திய அலுவலகம் டெல்லியில்தான் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

ஒரு திட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் சம்பளமில்லாதது. அப்பா கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். போகலாமா? (திருச்சி)

என்னைக் கேட்டால் வேண்டாம்.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்திலேயே நெடுங்காலம் இன்டர்ன்களுக்கு உதவித்தொகை கிடையாது. ஜெனிவா மாதிரி விலைவாசி உச்சத்தில் இருக்கும் ஊரில் மாதக்கணக்கில் சொந்தக் காசில் தங்க யாரால் முடியும்? வசதியான நாடுகளின், அதிலும் வசதியான வீட்டுப் பிள்ளைகளால்தான் முடிந்தது. ஏழை நாடுகளின் நோய்களைப் பற்றிய அறிக்கைகளுக்கு உதவி செய்யும் மேசைகளில் அந்த நாட்டுப் பிள்ளைகளைக் காண்பது அரிது. முன்னாள் இன்டர்ன்கள் இதை விடாமல் கேட்டார்கள். 2018-இல், உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை ஒரு தீர்மானம் போட்டது: 2022-க்குள் இன்டர்ன்களில் பாதிப் பேராவது மிகவும் பின்தங்கிய நாடுகளிலிருந்தும் நடுத்தர வருமான நாடுகளிலிருந்தும் வர வேண்டும். 2020 முதல் உதவித்தொகையும் வந்தது.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். இன்னும் பல சிறு அமைப்புகளும் சில பல்கலைக்கழக மையங்களும் காசு கொடுப்பதில்லை. சமத்துவம் பற்றிய ஆய்வுக்கு ஆள் எடுத்துவிட்டு, வாடகையை உன் அப்பா பார்த்துக்கொள்வார் என்று விடும் திட்டத்தின் மேல் எனக்கு மரியாதை குறைவு. பதில் அஞ்சலில் நேராகக் கேளுங்கள்: உதவித்தொகை எவ்வளவு, பயணச் செலவு யாருடையது, காப்பீடு உண்டா, வீட்டிலிருந்தே செய்யும் வாய்ப்பு உண்டா. கேட்டதற்காக இடத்தைப் பறிக்கிறவர்களிடம் போகாமல் தப்பித்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரியில் பயண நிதி இருந்தால் அதற்கும் எழுதிப் போடுங்கள். கடன் மட்டும் வேண்டாம்.

என் ஆய்வுத் தலைப்பு: 'வளரும் நாடுகளில் வறுமையும் குழந்தைகள் ஆரோக்கியமும்'. பத்து வாரத்தில் முடியுமா மேடம்? (கோவை)

பத்து வருடத்திலும் முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தத் தலைப்பை வெவ்வேறு வடிவத்தில் வருடா வருடம் பார்க்கிறேன்.

பத்து வாரம் என்பது தாளில் பத்து. முதல் வாரம் கணினிக் கணக்கு, அடையாள அட்டை, ஆய்வு நெறிமுறைப் பயிற்சி என்று போகும். கடைசி வாரம் ஸ்லைடு போடுவதில் போகும். நடுவில் வழிகாட்டி விடுமுறையில் போவார், நிச்சயம் போவார். மிச்சமிருப்பது ஏழு வாரம். அந்த ஏழு வாரத்துக்குள் அடங்கும் கேள்வி ஒன்று வேண்டும், யாரோ ஏற்கெனவே திரட்டி வைத்த தரவும் வேண்டும்.

உதாரணத்துக்கு இந்தியாவின் தேசிய குடும்ப நல ஆய்வை எடுங்கள். 2019-21-இல் நடந்த ஐந்தாவது சுற்றில், ஆயிரம் பிறப்புக்கு ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் நாடு முழுவதும் சராசரியாக 35. கேரளத்தில் நான்கு சொச்சம், உத்தரப் பிரதேசத்தில் 50. சராசரி எதை மறைக்கிறது என்பது இதிலேயே தெரியும். ஆனால் மாநிலங்களை ஒப்பிடுவது எல்லோரும் செய்துவிட்ட வேலை. ஒரே மாநிலத்துக்குள் ஏழை வீட்டுக்கும் வசதியான வீட்டுக்கும் உள்ள இடைவெளி 2015-16 சுற்றிலிருந்து கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? இது ஏழு வாரக் கேள்வி.

இதில் ஒரு குழி உண்டு. அந்த ஆய்வில் வீடுகளை வசதியைப் பொறுத்து ஐந்து அடுக்காகப் பிரிப்பது நாடு தழுவிய கணக்கு. கேரளம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் நாட்டின் மிக ஏழை அடுக்கில் விழும் வீடுகள் மிகவும் கொஞ்சம். அதை அப்படியே எடுத்து 'தமிழ்நாட்டு ஏழைகள்' என்று வரைபடம் போட்டால், கைவிரலில் எண்ணக்கூடிய இறப்புகளை வைத்துக்கொண்டு பெரிய முடிவு சொல்லியிருப்பீர்கள். மாநிலத்துக்குள்ளேயே அடுக்குகளைப் புதிதாகப் பிரிக்க வேண்டும். மாதிரி எடையையும், அதாவது பேட்டி கண்ட ஒருவர் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்று சொல்லும் எண்ணையும், மறக்கக் கூடாது. தரவுக் கோப்பில் அது வி005 என்ற பெயரில் பத்து லட்சத்தால் பெருக்கி வைக்கப்பட்டிருக்கும், வகுத்துக்கொள்ள வேண்டும். நேர்காணலில் இந்த இரண்டையும் தானாகச் சொல்லும் மாணவரை நான் விடமாட்டேன்.

இன்னொன்று. எல்லா வித்தியாசமும் சமத்துவப் பிரச்சினை ஆகாது. எழுபது வயதுக்காரருக்கு இருபது வயதுக்காரரைவிட மாரடைப்பு அதிகம் வருவது இயற்கை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கால்டன் பகுதியில் ஆணின் ஆயுள் எதிர்பார்ப்பு 54, சில மைல் தள்ளி லென்சியில் 82 என்று மைக்கேல் மார்மட் தலைமையிலான உலக சுகாதார நிறுவன ஆணையம் 2008-இல் எழுதியதே, அது தவிர்த்திருக்கக்கூடியது, ஆகவே அநியாயம். உங்கள் கேள்வி இந்த இரண்டாவது வகைதானா என்று பாருங்கள்.

நான் எலக்ட்ரானிக்ஸ் எம்.இ. இந்தத் துறையில் எனக்கு என்ன வேலை? (பெங்களூரு)

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் தெரியும்தானே? 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை நேரடியாகச் சோதித்தபோது, கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம் பேருக்கு உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது. வெள்ளையரில் 3.6 சதவீதம். தோலின் நிறம் ஒளியை உறிஞ்சுவதால் வரும் பிழை இது. கோவிட் காலத்தில் யாருக்கு ஆக்சிஜன் கொடுப்பது என்பதையே அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். இதைச் சரிசெய்ய எங்களைவிட உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும். விண்ணப்பத்தில் 'எனக்குச் சமூக சேவையில் ஆர்வம்' என்று எழுதாமல் உங்கள் சிக்னல் பிராசஸிங்கை எழுதுங்கள்.

அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் முதுகலை படிக்கிறேன். வெளி நிறுவனத்தில் கோடை இன்டர்ன்ஷிப் செய்யலாமா? (பாஸ்டன்)

சி.பி.டி. அனுமதி, அதாவது படிப்பின் ஒரு பகுதியாக வெளியே வேலை பார்க்கும் அனுமதி வேண்டும். பொதுவாக ஒரு கல்வியாண்டு முழுநேரம் படித்த பிறகுதான் கிடைக்கும். உங்கள் படிப்பே ஆரம்பத்திலிருந்து களப்பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தால் விலக்கு உண்டு. முழுநேர சி.பி.டி. பன்னிரண்டு மாதத்தைத் தொட்டால் பின்னாடி ஓ.பி.டி. (படிப்பு சார்ந்த வேலைக்கான இன்னொரு அனுமதி, பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் எடுப்பது) போய்விடும், ஒரு கோடைக்கு அந்தப் பயம் இல்லை. ஆப்பிரிக்காவுக்கோ வேறெங்கோ களப்பணிக்குப் போவதாக இருந்தால், கிளம்பும் முன் பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 மாணவர் படிவத்தில் பயணக் கையெழுத்தும், விசா முத்திரையின் தேதியும் பார்த்துவிடுங்கள். மூன்றாம் நாட்டில் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். மற்றதெல்லாம் உங்கள் பன்னாட்டு மாணவர் அலுவலகத்திடம்.

லீவில் ஊருக்கு வருகிறேன். எங்கள் கிராமத்தில் நூறு பெண்களிடம் சர்க்கரை நோய் பற்றிக் கேள்வித்தாள் கொடுத்தால் ஆய்வாகிவிடாதா? எல்லாரும் சொந்தக்காரர்கள்தான். (அட்லாண்டா)

சொந்தக்காரர்கள் என்பதுதான் சிக்கலே. உங்கள் சித்தி முடியாது என்று சொல்வாரா? மறுக்க முடியாதவரிடம் வாங்கும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது.

அப்புறம் காகித வேலை. உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், இந்தியாவில் ஒரு நிறுவனத்தின் எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் வேண்டும். வெளிநாட்டு நிதியோ கூட்டுறவோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போக வேண்டும். இதெல்லாம் ஒரு கோடைக்குள் நடக்காது. அனுமதி இல்லாமல் திரட்டியதை எந்த ஆய்விதழும் போடாது. ஏற்கெனவே அனுமதி வாங்கி நடந்துகொண்டிருக்கும் ஆய்வு எது, உள்ளூரில் அதை நடத்துவது யார் என்று தேடி அவர்களோடு சேருங்கள்.

போன கோடையில் தரவு அலசல் முழுவதும் நான் செய்தேன். கட்டுரை வந்துவிட்டது, நன்றி சொல்லும் பகுதியில் மட்டும் என் பெயர். இது சரியா? (ஹைதராபாத்)

சரியில்லை. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியர் தகுதிக்கு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பொறுப்பேற்பு. நான்கும் வேண்டும். 'நீ எழுதவில்லையே' என்று இதை வைத்துத்தான் கழற்றிவிடுவார்கள். ஆனால் அதே விதியில், முதல் நிபந்தனைக்குத் தகுதியானவருக்கு எழுதுவதிலும் திருத்துவதிலும் இறுதி ஒப்புதலிலும் பங்கெடுக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டி வழிகாட்டிக்கு மரியாதையாக ஓர் அஞ்சல் போடுங்கள். வந்த கட்டுரையில் திருத்தம் கேட்பது கஷ்டம், அடுத்த கட்டுரையிலாவது இடம் பேசலாம். புதிதாகச் சேர்பவர்கள் இந்தப் பேச்சை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

நான் ஹட்டனைச் சேர்ந்தவள், பெற்றோர் தோட்டத் தொழிலாளர்கள். என் சமூகத்தைப் பற்றியே ஆய்வு செய்தால் பக்கச்சார்பு என்பார்களா? (பேராதனை)

சிலர் சொல்வார்கள். கொழும்பிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருபவருக்கும் ஒரு பார்வை இருக்கிறது, அதை யாரும் பக்கச்சார்பு என்பதில்லை. 2016-இல் இலங்கையில் நடந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் சுமார் 17 சதவீதம், தோட்டப்பகுதியில் 32. எண் எல்லோருக்கும் தெரியும். லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) யார் எப்போது சமைக்கிறார், கொழுந்து பறிக்கப் போகும் தாயின் பிள்ளைக்கு மத்தியானம் யார் ஊட்டுகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது தங்கச்சி. நீங்கள் யார் என்பதை ஆய்வுமுறைப் பகுதியில் இரண்டு வரியில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அவ்வளவுதான்.

அமெரிக்கா நிதியை வெட்டிய பிறகும் இந்தத் துறையில் வருவது புத்திசாலித்தனமா? (மதுரை)

பழைய நிலைமை இல்லை என்பது உண்மை. 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்டின் திட்டங்கள் நிறுத்தப்பட்டபோது, பல நாடுகளின் சுகாதாரத் தரவுக்கு அடிப்படையான டிஎச்எஸ் என்ற வீட்டுவாரி ஆய்வும் நின்றது. பாதியில் நின்ற சில நாடுகளுக்குப் பின்னர் கேட்ஸ் அறக்கட்டளை இடைக்கால நிதி கொடுத்தது. இடங்கள் குறைந்திருக்கின்றன, ஆகவே ஒரே இடத்துக்கு மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். தரவுக்கும் மாற்று வைத்துக்கொள்ளுங்கள்: யுனிசெஃபின் மிக்ஸ் என்ற வீட்டுவாரி ஆய்வுகள், உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்றத்தாழ்வுத் தரவுக் களஞ்சியம். இரண்டும் இலவசம். நான் எடுக்கும் மாணவர்களுக்கு ஒரே ஒரு வேலைத்திறனைக் கட்டாயமாகச் சொல்வேன், ஆர் அல்லது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள். அது தெரிந்தவருக்கு இந்தத் துறை சுருங்கினாலும் பக்கத்துத் துறை திறக்கும்.

கடைசியாக ஒன்று: பேராசிரியர்களுக்கு எப்போது, எப்படி எழுதுவது? (சேலம்)

அமெரிக்க, ஐரோப்பிய கோடைத் திட்டங்கள் பலவற்றுக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் கதவு மூடிவிடும். ஏப்ரலில் எழுதினால் பதில் வராது. பத்து வரி போதும். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து அதில் விடுபட்ட ஒன்றைக் கேளுங்கள், எந்த வாரங்கள் உங்களால் வர முடியும், என்ன மென்பொருள் தெரியும் என்று சொல்லுங்கள். 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஐம்பது பேருக்கு ஒரே அஞ்சலை அனுப்பி, எல்லோர் முகவரியும் மேலே தெரியும்படி விடாதீர்கள். போன வாரம்கூட எனக்கு அப்படி ஒன்று வந்தது.