மே மாதம் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கணவருக்கு ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை. மகன் ஐந்தாம் வகுப்பு, மகள் யு.கே.ஜி. போன வருடம் லீவு முழுக்கத் தென்காசியில் மாமியார்தான் வைத்துக்கொண்டார். இப்போது அவருக்கு முட்டி வலி, ‘ரெண்டு பேரையும் சேத்து என்னால முடியாதும்மா’ என்கிறார். ‘பெரியவன் இருக்கான்ல, வீட்டைப் பூட்டிக்கிட்டு இருக்கட்டும், நடுவுல போன் பண்ணிக்கலாம்’ என்கிறார் கணவர். பேசாமல் சம்மர் கேம்ப்பில் போட்டுவிடலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் உங்கள் கணவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். பத்து வயதுப் பையன் எவ்வளவு சமர்த்தாக இருந்தாலும் சரி, தங்கைக்குப் பசிக்கிறது என்றால் அவன் நேராக அடுப்பைத்தான் பற்றவைப்பான். யாராவது காலிங் பெல் அடித்து ‘அப்பா அனுப்பினார்’ என்று சொன்னால் கதவைத் திறப்பான். அவனும் லீவில் இருக்கிற ஒரு குழந்தைதான், ஆயா வேலைக்கு வந்தவன் இல்லை.

அடுத்து கேம்ப். பெரும்பாலான சம்மர் கேம்ப்புகள் காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும், அதுவும் பத்துப் பதினைந்து நாள்தான். பன்னிரண்டரைக்குப் போய் யார் அழைத்து வருவது, ஆறரை மணிக்கு நீங்கள் வரும்வரை யார் பார்ப்பது? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். உங்கள் கணவருக்கு இரண்டாவது ஷிஃப்ட் வரும் வாரங்களில் மட்டும் கேம்ப் சரிப்படும். காலையில் கொண்டுபோய் விட்டு, மதியம் கூட்டி வந்து சாப்பாடு போட்டுவிட்டு அவர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கலாம், அதற்குப் பிறகு மட்டும் டே-கேர் போதும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் ‘அவர் வீட்டில்தானே இருக்கிறார்’ என்று கணக்குப் போடாதீர்கள். விடிய விடிய வேலை பார்த்துவிட்டு வந்து தூங்குகிற மனிதர் இருப்பதும் ஒன்றுதான் இல்லாததும் ஒன்றுதான், பாவம்.

லீவு முழுவதற்கும் ஒரே ஏற்பாடு தேடுவதால்தான் இவ்வளவு தலைவலி. காலண்டரை எடுத்து வாரம் வாரமாகப் பிரித்து எழுதுங்கள், கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. ஆளுக்கு ஒரு வாரம் லீவு போட முடியுமா பாருங்கள், இருவரும் சேர்ந்து ஒரே வாரத்தில் போட்டு வீணாக்காதீர்கள்.

மாமியார் இரண்டு பேரையும் சேர்த்து முடியாது என்றுதானே சொன்னார்? பெரியவனை மட்டும் இரண்டு வாரம் அனுப்பலாமா என்று கேளுங்கள். அவன் கடைக்குப் போய் வருவான், பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பான். டே-கேரில் பத்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியாது, டிவி முன்னால்தான் உட்கார வைப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அங்கே விளையாட ஆள் கிடைக்கும். ஒன்று மட்டும், அந்த இரண்டு வாரமும் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் ஒரு ஆள் வைத்துச் சம்பளத்தை நீங்கள் கொடுத்துவிடுங்கள். ‘பேரனுக்குப் பொங்கிப்போட எனக்குக் காசா?’ என்று அத்தை கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். முட்டி வலிக்காரரை இலவச ஆயாவாக்கிவிட்டுப் பாசம் என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

டிக்கெட்டை மறந்துவிடாதீர்கள். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, ஆகவே மே முதல் வாரம் பொதிகையில் கிளம்ப வேண்டுமென்றால் மார்ச் முதல் வாரமே உட்கார்ந்துவிட வேண்டும். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் என்றால் பெர்த் கேட்காவிட்டால்தான் அரை டிக்கெட், ராத்திரிப் பயணத்துக்கு முழு டிக்கெட்டே போடுங்கள். (குற்றாலத்தில் குளிக்கலாம் என்று பையனிடம் ஆசை காட்டிவிடாதீர்கள், சீசன் ஜூனில்தான்.)

மகளுக்கு டே-கேர் பார்க்கப் போகும்போது காலை பத்து மணிக்குப் போகாதீர்கள், எல்லா இடமும் அப்போது பளிச்சென்றுதான் இருக்கும். மதியம் மூன்று மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். தூங்கும் அறையில் பெரியவர் யாராவது இருக்கிறாரா, கழிவறைக்கு யார் கூட்டிப்போகிறார், குழந்தையை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்று எழுதி வாங்குகிறார்களா, இவ்வளவும் கண்ணால் பாருங்கள். ‘இப்போ உள்ளே விட மாட்டோம், மேடம்’ என்றால் அடுத்த இடத்துக்குப் போய்விடலாம். மகளுக்கும் தொடுதல் பற்றி அவள் வயதுக்கு ஏற்றபடி சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 இருவர் போனிலும் இருக்கட்டும்.

அப்புறம், உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர்? 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-லேயே திருத்தம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கவும் தாய்க்கு அனுமதி உண்டு. பல இடங்களில் யாரும் கேட்பதில்லை, அதனால் அவர்களும் பேசுவதில்லை. எச்.ஆருக்கு நாலைந்து பேர் சேர்ந்து மெயில் போடுங்கள்.

கேள்வி: மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. மகளின் கோடை விடுமுறைக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: விண்ணப்பிக்கலாம். பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள், பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை, முதல் இரண்டு குழந்தைகளுக்கு. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், மீதிக்கு 80 சதவீதம். ஒரு தடவைக்குக் குறைந்தது ஐந்து நாள் எடுக்க வேண்டும், வருடத்துக்கு மூன்று தடவைக்கு மேல் கிடையாது. ஆனால் இது அனுமதி வாங்கி எடுக்கிற லீவு, உரிமையாகக் கேட்க முடியாது. மே மாதம் உங்கள் செக்‌ஷனில் எல்லோரும் நீட்டுவார்கள், நீங்கள் மார்ச்சிலேயே கொடுத்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு வரப்போகிற பிள்ளை என்றால் கொஞ்ச நாளைப் பரீட்சைக்கும் மிச்சம் வையுங்கள்.