தயோசல்பேட் சோதனை: காலையில் 48 நொடி, மதியம் 35 நொடி ஏன்?

வணக்கம். தயோசல்பேட் கரைசலில் அமிலம் கலந்தால் கந்தகம் உண்டாகிக் கரைசல் கலங்கும்; குடுவைக்கு அடியில் வரைந்த பெருக்கல் குறி மறைய ஆகும் நேரத்தை அளந்தபோது, ஒரே செறிவில் காலையில் 48 நொடி, மதியம் 35 நொடி என்று வந்ததால் கரைசல் கெட்டுவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலையில் ஆய்வகம் 28 டிகிரி, மதியம் 33 என்றும் எழுதியிருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது.

பல வினைகளில் அறை வெப்பநிலையை ஒட்டி 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 5 டிகிரிக்குச் சுமார் 1.4 மடங்கு. 48-ஐ 1.4-ஆல் வகுத்துப் பாருங்கள், 34 வருகிறது. மூலக்கூறுகள் வேகமாக ஓடுவதால் மட்டும் இது நடப்பதில்லை. 300 கெல்வினிலிருந்து 310-க்குப் போனால் சராசரி வேகம் 2 சதவீதம்கூடக் கூடாது. கிளர்வு ஆற்றலை, அதாவது வினை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலைத் தாண்டும் மூலக்கூறுகளின் பங்குதான் இரட்டிப்பாகிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

சரி, என்ன செய்யலாம்? தயோசல்பேட்டையும் அமிலத்தையும் ஒரே வெப்பநிலைக்கு வர, தனித்தனிக் குடுவைகளில் ஒரே தண்ணீர்த் தொட்டியில் பத்து நிமிடம் வைத்துவிட்டுக் கலக்குங்கள். தயோசல்பேட்டைக் குறைக்கும்போது அதே அளவு தண்ணீர் சேர்த்து மொத்தக் கனஅளவை மாறாமல் வையுங்கள். கரைசலின் உயரம் குறைந்தால் பெருக்கல் குறி மறைய அதிக நேரம் ஆகும், வேகம் குறைந்ததுபோல் தெரியும். எல்லா முறையும் ஒருவரே மேலிருந்து பார்க்கட்டும்.

அப்புறம், முடிந்தவுடன் குடுவையைக் கழுவிவிடுங்கள். கந்தகம் அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டால் அடுத்த அளவீடு தப்பாகும். சல்பர் டைஆக்சைடு வெளிவரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா இருந்தால் குடுவைக்கு மேல் குனியவே வேண்டாம், குறியை வேறொருவர் பார்க்கட்டும்.