தண்ணீருக்குள் 'வேண்டாம்' என்று சொல்ல முடிய வேண்டும்

(முதுகில் காற்று டேங்க் மாட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் மூழ்கும் ஸ்கூபா டைவிங்கைப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகக் கற்றுத்தரும் பயிற்றுநர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு எட்டு. விடுமுறையில் நாலு பேரும் ஸ்கூபா போக ஆசை. இருவரையும் கடலில் இறக்கலாமா? – ஒரு தாய்

மகனை இப்போது இறக்க முடியாதும்மா. உலகெங்கும் நிறைய மையங்கள் பின்பற்றுவது, ஸ்கூபா பயிற்சி அமைப்பான 'பேடி'யின் (PADI) பாடத்திட்டம். அதன்படி எட்டு வயதுப் பிள்ளையின் முதல் அனுபவம் நீச்சல் குளத்தில், 2 மீட்டர் ஆழத்துக்குள். கடலுக்குப் பத்து வயது நிரம்ப வேண்டும். உங்கள் மகள் பயிற்றுநரோடு 12 மீட்டர் வரை போகலாம். அவளுக்கே ஆசை இருந்தால்தான்.

இந்தக் கடைசி வரியைத்தான் பல வீடுகளில் யாரும் கேட்பதில்லை. ஒரு பையன், ஒன்பது வயசு. குளத்து ஏணியின் கடைசிப் படியை இரண்டு கையாலும் பிடித்தவன் முக்கால் மணி நேரம் விடவே இல்லை. கரையிலிருந்து அவன் அப்பா "பயப்படாதடா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவன் பக்கத்தில் நானும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து வைத்து எடுத்தோம். அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் வந்ததும், வாயில் வைத்து மூச்சுவிடும் ரெகுலேட்டரை அவனே கேட்டு வாங்கினான். முதல் நாளே அமுக்கியிருந்தால் அந்தப் பிள்ளை அப்புறம் தண்ணீர்ப் பக்கமே வந்திருக்க மாட்டான்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். குளத்தில் இரண்டு மீட்டர் போனதுமே காது வலித்தது. எல்லாருக்கும் வலிக்குமா? – ஒரு மாணவி

நல்ல கேள்வி கண்ணா. வலிக்கக் கூடாது. வலித்தால் அதற்கு மேல் ஒரு அடிகூட இறங்கக் கூடாது. மூக்குக்கும் நடுக்காதுக்கும் இடையே ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. உன் வயதில் அது பெரியவர்களுடையதைவிடக் குறுகலாகவும், அவ்வளவு சாய்வில்லாமலும் இருக்கும். அதனால் காற்று போய்வரச் சிரமப்படும். சளி பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். மேல்மட்டத்திலிருந்து 10 மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். அதிலும் முதல் சில மீட்டரில்தான் காது அந்த மாற்றத்தை அதிகமாக உணரும். அதனால்தான் ஆழமில்லாத குளத்திலேயே உனக்கு வலித்தது. இறங்கத் தொடங்கும்போதே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊது. ஒவ்வொரு அரை மீட்டருக்கும் செய். வலி வரட்டும் என்று காத்திருக்காதே. காது திறக்கவில்லை என்றால் கொஞ்சம் மேலே வந்து திரும்ப முயற்சி செய். அப்போதும் முடியாவிட்டால் கைகாட்டிவிட்டு ஏறிவிடு.

ஏறும்போது மூச்சை அடக்காதே. அழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் உள்ள காற்று விரியும். அடக்கினால் ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து ஏறினால்கூட நுரையீரல் காயப்படலாம்.

இதைப் படிக்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பத்து வயதுப் பெண் ஒருத்தி, தண்ணீருக்குள் நான் சைகையில் 'சரியா?' என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் விரலை வட்டமாக்கிக் காட்டினாள். மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றினால் மூக்கிலிருந்து இரத்தம், இடது காது அடைத்துப் போயிருந்தது. ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "அப்பா எனக்காக லீவு போட்டு வந்தாரு" என்றாள். தப்பு என்னுடையது. தலையாட்டினால் போதும் என்கிற கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். இப்போது பிள்ளைகளிடம் 'சரியா?' என்று மட்டும் கேட்பதில்லை. காதைத் தொட்டுக் காட்டி இரண்டில் எது சிரமம் என்று கேட்பேன், டேங்க்கில் காற்று எவ்வளவு என்று விரல்விட்டுக் காட்டச் சொல்வேன். பதில் தடுமாறினால் மேலே ஏறிவிடுவோம். இன்னொன்று, கட்டைவிரலை உயர்த்தினால் தண்ணீருக்குள் 'மேலே போகணும்' என்று அர்த்தம். கரையில் 'சூப்பர்' என்று காட்டிப் பழகிய பிள்ளைகள் இதைக் குழப்பிக்கொள்ளும். வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள்.

எனக்கும் பன்னிரண்டு வயது மகளுக்கும் சான்றிதழ் இருக்கிறது. நாங்கள் இருவர் மட்டும் போகலாமா? – ஒரு தந்தை

விதி இடம் கொடுக்கிறது சார். 12 முதல் 14 வயதுப் பிள்ளை, சான்றிதழ் பெற்ற பெரியவரோடு 18 மீட்டர் வரை போகலாம். ஆனால் நான் அனுப்ப மாட்டேன். டைவிங்கில் ஜோடி என்றால் ஒருவருக்கு ஒன்று ஆனால் மற்றவர் காப்பாற்ற வேண்டும். அவளுக்கு ஒன்று என்றால் நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு நெஞ்சு வலித்தால் அந்தக் குழந்தை உங்களை இழுத்துக்கொண்டு வர முடியுமா? முடிந்தாலும் அந்தப் பாரத்தை அவள்மேல் வைக்கலாமா? மூன்றாவதாக ஒரு பயிற்றுநரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் ஆளுக்கொரு பெரியவர், மேலே படகில் ஒருவர்.

நான் கர்ப்பமாக இருக்கிறேன். ஒரு தடவை, ஆழம் போகாமல்? – ஒரு வாசகி

வேண்டாம்மா. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அது எவ்வளவு பாதுகாப்பு என்று சோதித்துப் பார்க்கவே முடியாது. டாக்டர் சம்மதித்தால் மாஸ்க்கும், தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்சுவிடும் குழாயான ஸ்நார்கெலும் போட்டு மேலே மிதந்தபடி மீன் பாருங்கள்.

டைவிங் முடித்த அன்றே விமானம் ஏறலாமா? – ஒரு வாசகர்

ஒரே ஒரு தடவை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல தடவை என்றால் 18 மணி நேரம் கழித்து ஏறுங்கள். பிள்ளைகளோடு போகும்போது கடைசி நாளை மணல் வீடு கட்ட ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு மையம் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – ஒரு தாய்

முதலில் சாமான் மாட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். சின்ன ஜாக்கெட், வாய்க்குள் அடங்குகிற மவுத்பீஸ், சின்ன முகத்துக்கான மாஸ்க் இருக்கிறதா? மாஸ்க்கை வார் மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நிற்க வேண்டும். சாதாரண அலுமினிய டேங்க் காலியாகவே சுமார் 14 கிலோ. பிள்ளை முதுகில் அதை ஏற்றிப் படகில் நடக்கவிடும் இடம் வேண்டாம், தண்ணீரில் இறங்கிய பிறகு மாட்டிவிட வேண்டும். ஆஸ்துமா, காது நோய் பற்றி விசாரிக்கிறார்களா? பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்களா? சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், உதடு நீலம் பாரித்தால் எத்தனை நிமிடம் ஆகியிருந்தாலும் மேலே கூட்டிவர வேண்டும்.

கடைசியாக இதைக் கேளுங்கள்: "படகிலேறிய பிறகு என் பிள்ளை வேண்டாம் என்றால்?" "எங்கள் ஆள் ஒருவர் அவளோடு படகில் இருப்பார், நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்றால் பணத்தைக் கட்டுங்கள். "எல்லாப் பிள்ளையும் முதலில் அழும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.