ஐஸ்லாந்துக்கு முதல் பயணம்: வாசகர் கேள்விகள்

கே: "வடதுருவ ஒளி நிச்சயம்" என்று அச்சடித்த நோட்டீஸை நம்பி ஜூன் மாத டூருக்கு முழுப் பணமும் கட்டிவிட்டேன். இப்போது ஜூனில் தெரியாது என்கிறார்கள். (திருச்சி)

ப: தெரியாதுதான். ஜூனில் தலைநகர் ரெய்க்யாவிக்கில் சூரியன் மறையவே நள்ளிரவு ஆகும். அதன் பிறகும் வானம் இருட்டாது; இருட்டில்தான் அந்த ஒளி கண்ணில் படும். செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் பருவம், அதுவும் மேகம் விலகினால். தவறு உங்களுடையதல்ல, அச்சடித்து விற்றவருடையது. நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 15 நாள் கெடு வைத்து, பதிவுத் தபாலில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏஜென்சி எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விடாதீர்கள்.

கே: குடை வாங்கிப் போகலாமா? (நாகர்கோவில்)

ப: வேண்டாம், அந்தக் காற்றில் நிற்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டும் மழை பேன்ட்டும் வாங்குங்கள்.

கே: வாடகைக் காருக்கு எந்த இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும்? (கோவை)

ப: வாடகையோடு சேர்ந்து வரும் சிடிடபிள்யூ (மோதல் சேதக் காப்பு) மட்டும் போதாது. சேதத்தில் முதல் சில லட்சம் குரோனா (ஐஸ்லாந்து நாணயம்) உங்கள் தலையில்தான் விழும். சரளைக்கல் காப்பு எடுங்கள்; எதிர்வண்டி தெறிக்கும் கல் முன்கண்ணாடியை உடைத்தால் அதுதான் கைகொடுக்கும். தெற்குக் கரைக்குப் போனால் மணல்-சாம்பல் காப்பும் வேண்டும். அங்கே விக் என்ற ஊர்ப் பக்கம் காற்று கிளப்பும் கருமணல் பெயின்டையே உரித்துவிடும்.

கவுண்டரில் பலர் வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு, எனக்கு ஆறாத கோபம் அதில்தான். காற்று கதவைப் பிடுங்கினால் பெரும்பாலான பாலிசிகள் காசு தராது. கீல் வளைந்து, கதவு முன்பக்கத் தகட்டில் போய் மோதும்; மூன்றுக்கும் பில் உங்களுக்கு. காற்று வரும் பக்கம் வண்டியின் முகம் இருக்கும்படி நிறுத்துங்கள், காற்றே கதவைச் சாத்தப் பார்க்கும். கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, ஒருவர் பின் ஒருவராக இறங்குங்கள்.

சாவி வாங்கியதும் கண்ணாடி, நான்கு சக்கரம், பம்பரின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் எடுங்கள். அது இல்லாமல் பழைய கீறலுக்குப் பணம் கேட்டால் வாதாட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

கே: சின்ன காருக்குப் பணம் கட்டிவிட்டேன். எஃப்208 சாலையில் லாண்ட்மன்னலாய்கர் போகலாமா? (சேலம்)

ப: கூடாது. எஃப் என்று தொடங்கும் மலைச்சாலைகளுக்கு நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் வேண்டும். ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, பணம் கட்டிய பிறகு படிப்பது என்ன பழக்கம்? வழியில் குறுக்கிடும் ஆற்றில் இறக்கி எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் இன்சூரன்ஸும் கிடையாது. கோடையில் ரெய்க்யாவிக்கிலிருந்து பஸ் போகிறது, ஏறிக்கொள்ளுங்கள்.

கே: பாட்டில் தண்ணீருக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? (வேலூர்)

ப: ஒரு பைசாவும் வேண்டாம். குழாயில் குளிர்ந்த தண்ணீரைப் பிடித்துக் குடியுங்கள். கந்தக வாடை வெந்நீரில்தான்.

கே: கார்டு மெஷின் ரூபாயா, குரோனாவா என்று கேட்டால்? (மதுரை)

ப: குரோனா. ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை மெஷின்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வைப்பார்கள். விடுதி பில்லில் நானே அப்படி நஷ்டப்பட்டிருக்கிறேன். ஊரிலேயே கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, 4 இலக்க பின் எண்ணைச் சோதித்துவிடுங்கள். ஆளில்லாத பெட்ரோல் பங்கில் பெரும்பாலும் பின் இல்லாமல் எண்ணெய் வராது. அங்கே "ஃபுல் டேங்க்" அழுத்தாமல் தொகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பெரிய தொகையை முடக்கிவிடும், விடுபடச் சில நாளாகும்.